பதினேழாவது விளக்கு

கிள்ளானில் நான் வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் பொத்தான்கள் ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று ஏ, ஐந்து என்று போகும். எங்கள் அலுவலகம் மூன்று ஏ-யில் இருந்தது. முதல் வாரம் அந்த ஏ-யைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து அது கண்ணில் படவில்லை. சீனர்களுக்கு நான்கு ஆகாது, அவர்கள் மொழியில் அது சாவு என்ற சொல்போல ஒலிக்கும், அதனால் பல கட்டடங்களில் நான்காம் மாடி இருக்காது. மலேசியாவில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. துறைமுகத்தில் வந்திறங்கும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத்துறைப் பாரங்கள், அதாவது படிவங்கள், தயாரித்துக் கொடுக்கும் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்திருந்தேன், இன்னும் நிரந்தரமாகவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, தினமும் காலையில் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். இரண்டையும் தாங்கிக்கொண்டு அந்த அலுவலகத்தில் என்னோடு தினமும் சாப்பிட உட்கார்ந்த ஒரே ஆள் ஓர் அக்காதான்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சுங்கப் பாரங்களை அடிக்கும் பிரிவில் பதினைந்து வருடமாக இருந்தார். ஜெஞ்சாரோமிலிருந்து இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவார், எட்டரைக்குள் இருக்கையில் இருப்பார். அதிகம் பேச மாட்டார். ஆனால் நான் ஏதாவது உயரத்தில் ஏறி வேலை செய்தால், கூப்பிடாமலே எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொள்வார். சுடிதாரோடு ஏணியில் நிற்கும் பெண்ணை வேடிக்கை பார்க்க அலுவலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஏணியைப் பிடிக்க அவர் ஒருவர்தான் வந்தார்.

அந்த வருடம்தான் அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஹப் என்ற பெட்டியைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச் என்ற புதுப் பெட்டியைப் போட்டோம். வித்தியாசம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹப் என்பது பாசாரில், சந்தைக் கூட்டத்தில், நின்று கத்துகிற மாதிரி. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குச் சொல்வது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கேட்கும். என் மேசையில் உட்கார்ந்தபடியே, யார் எதை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று என்னால் பார்க்க முடிந்தது. ஸ்விட்ச் அப்படி இல்லை. யாருக்கு வந்ததோ அவர் கையில் மட்டும் கொடுக்கும். வேகம் கூடியது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் காது அடைத்துப் போனது. ஒட்டுக்கேட்கும் என் புரோகிராமை ஓடவிட்டால், என் கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசுவதுதான் பெரும்பாலும் கேட்டது.

ஸ்விட்சுக்காகப் புதிதாகக் கேபிள் இழுக்க வந்தவர் ஒரு சீன அங்கிள். இருபத்து நான்கு கேபிள், சுவர் ஓரமாக வரிசையாக இருபத்து நான்கு சாக்கெட். முதல் சாக்கெட்டின் கேபிள் ஸ்விட்சின் முதல் துளையில், அதாவது முதல் போர்ட்டில், அடுத்தது அடுத்ததில் என்று ஒழுங்காகச் சொருகினார். அப்படிச் சுத்தமாக வேலை செய்கிற ஆளை நான் அதற்குப் பிறகு பார்த்தது குறைவு. கடைசி நாள், நான் ஸ்விட்சோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, அவர் கீழே குனிந்து ஒவ்வொரு சாக்கெட்டாக எண் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

அடுத்த சில மாதங்களில் ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தது. துறைமுகத்துக்கு வரும் சரக்கு குறைந்தது. அக்காவின் கணவர் வேலை பார்த்த பலகைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பள்ளி இறுதியாண்டு எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போகும் மகளும் அந்த வீடும் அக்காவின் சம்பளத்தில்தான் ஓடுகின்றன என்பது சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தெரிய வந்தது. அவர் புலம்பவில்லை. இனி மத்தியானத்துக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவதாக மட்டும் சொன்னார். அலுவலகத்திலும் சிக்கனம் வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, போகும்போது எல்லோரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதே சமயத்தில் நெட்வொர்க்கும் படுத்துக்கொண்டது. மத்தியானம் கப்பல் கம்பெனிகளுக்குப் பத்திரம் அனுப்பும் அவசர நேரத்தில் ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர். ரயில்வே குமாஸ்தாவின் மகன், பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. கதவைச் சாத்திவிட்டு, தலைமை அலுவலகம் இந்த மாடியிலிருந்து ஒருவரைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பெயரை மாதக் கடைசிக்குள் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நெட்வொர்க்கை யாரோ தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அது யார் என்று தெரிந்தால் தன் மனசாட்சிக்கும் வசதியாக இருக்கும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனிதருக்குக் கெட்ட வேலையைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அன்று அது உறைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு புதிர், அவ்வளவுதான்.

ஒட்டுக்கேட்க முடியாவிட்டாலும் எண்ண முடியும். ஒவ்வொரு போர்ட் வழியாகவும் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று ஸ்விட்ச் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி வரைபடம் போடும்படி என் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தயார் செய்தேன். இரண்டு நாள் ராத்தூக்கம் இல்லாமல் புத்தகத்தைப் புரட்டி நானே எழுதியது. முதல் பச்சைக் கோடு திரையில் எழுந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை கோடுகள் வளரும். பிறகு நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு என் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவேன்.

ஒரு வாரத்தில் விடை வந்துவிட்டது. எல்லோருடைய பத்திரங்களும் இருக்கும் சர்வரின் போர்ட்டை விட்டுவிட்டால், பதினேழாவது போர்ட் மட்டும் அடுக்குமாடி மாதிரி உயர்ந்து நின்றது. மற்றவை எல்லாம் அதன் காலடியில் குடிசை. ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே சுவர் ஓரமாக நடந்தேன். பதினேழு என்று எழுதியிருந்த சாக்கெட்டிலிருந்து கேபிள் அக்காவின் மேசைக்குப் போனது.

அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, என்ன வேண்டும் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்தத் தலையாட்டல்தான். வரைபடத்தை அச்செடுத்து, பதினேழுக்குப் பக்கத்தில் பென்சிலால் அவர் பெயரை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அக்கா எதைப் பார்க்கிறார், இன்டர்நெட்டிலிருந்து எதை இறக்குகிறார் என்று மேலாளர் கேட்டார். அது ஸ்விட்சில் தெரியாது சார், எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும் என்றேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு வருத்தமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வருத்தத்துக்கு ஓர் அங்குலம் மேலே, என் வரைபடம் வேலை செய்கிறது என்ற பெருமையும் இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"நீ என்னா சொன்னே மா அவர்கிட்ட?"

எவ்வளவு என்று மட்டும்தான் சொன்னேன், என்ன என்று சொல்லவில்லை என்றேன். ஏதோ அவருக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டவள்போல அதைச் சொன்னேன். அக்கா தன் மேசைக்குப் போய்க் குனிந்து, சுவரிலிருந்து கேபிளைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் பக்கமும் கழற்றினார். அதை அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

அதன்பின் அலமாரியிலிருந்து பழைய டைப்ரைட்டரை எடுத்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் சுங்கப் பாரங்களை எல்லாம் அதில்தான் அடித்துக்கொண்டிருந்தார்களாம். நான்கு பிரதிக்கு நடுவே கார்பன் தாளை வைத்து, உருளையில் ஏற்றி, அடிக்கத் தொடங்கினார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மூன்று நாள் அது நிற்கவில்லை. மேலாளர் இரண்டுமுறை அறையிலிருந்து வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். மத்தியானம் அக்கா தன் மேசையிலேயே சாப்பிட்டார். நான் கீழே மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையில், தனியாக ரொட்டிச்சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இரக்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன நாடகம் இது, தப்பு செய்தவர் இவர், குற்றவாளி மாதிரி நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று மனசுக்குள் பொருமினேன். என் சுபாவம் அப்படி. குற்ற உணர்ச்சி என்னிடம் வரும்போது கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

அந்தக் கோபத்தில்தான் புதன்கிழமை வரைபடத்தைத் திறந்தேன். கேபிளைக் கழற்றிய நொடியிலிருந்து பதினேழு தரையில் படுத்திருக்க வேண்டும். அதை அச்செடுத்து, இதோ பாருங்கள் என்று யாரிடமாவது காட்டிவிட்டால் என் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

பதினேழு படுக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் அதே உயரத்தில் நின்றது.

முதலில் என் புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஸ்விட்ச் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். எழுந்து போய் ஏணியைப் போட்டு ஏறினேன். ஸ்விட்சைக் கூரைக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் பொருத்தியிருந்தோம். இந்த முறை ஏணியைப் பிடிக்க யாரும் வரவில்லை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு, மறுமுனையில் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால்தான் எரியும். பதினேழாவது விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கேபிள் ரப்பர் பேண்டோடு என் மேசைமேல் கிடப்பது ஏணியிலிருந்தே தெரிந்தது.

பதினேழாவது போர்ட்டில் இருந்த கேபிளைப் பிடுங்கினேன். யாராவது நெட்வொர்க் போய்விட்டது என்று கத்துவார்கள், யார் என்று தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. டைப்ரைட்டர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கீழே இறங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சாக்கெட்டுகளை ஒன்றிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து.

ஒரு மேசைக்கடியில் மண்டியிட்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அங்கிள் நான்கை எழுதவில்லை. பதினான்கையும் எழுதவில்லை, இருபத்து நான்கையும் எழுதவில்லை. அந்த எண்ணுக்கு மேலே யாரும் உட்கார்ந்து வேலை செய்யக்கூடாது என்ற நல்லெண்ணம். கடைசி சாக்கெட் இருபத்து ஏழில் போய் முடிந்திருந்தது. இருபத்து நான்கு சாக்கெட்டுக்கு இருபத்து ஏழு எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்விட்ச் வேறெங்கோ தொழிற்சாலையில் செய்தது. அதில் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை ஒன்றுவிடாமல் அச்சடித்திருந்தார்கள். ஹப் இருந்த காலத்தில் எந்த எண் எதற்கு என்பதே யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தினமும் மூன்று ஏ-யை அழுத்தி மேலே வந்த நான், அதே பழக்கம் என் சுவரிலும் இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

விரலை விட்டு எண்ணினேன். நான்கும் பதினான்கும் விடுபட்டதால், ஸ்விட்சில் பதினேழு என்றால் சுவரில் பத்தொன்பது. பத்தொன்பது பழைய கோப்புகள் வைக்கும் ஸ்டோர் அறையில் இருந்தது. அந்த அறையில் வேலை செய்கிற ஆள் யாரும் இல்லை.

கதவைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. காகிதப் பெட்டிகளுக்குப் பின்னால், திரை இல்லாமல், ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வைத்தது நான்தான். ஸ்விட்ச் மாற்றிய வாரம், சர்வரில் இருப்பதெல்லாம் போய்விடுமோ என்ற பயத்தில், மணிக்கு ஒருமுறை சர்வரில் இருக்கும் அத்தனை பத்திரங்களையும் இதில் நகலெடுக்கும்படி செய்துவைத்திருந்தேன். ஒரு வாரத்தில் நிறுத்திவிடலாம் என்று நினைத்து, அடியோடு மறந்துபோனேன். அப்போது சர்வரில் கொஞ்சம்தான் இருந்தது. பிறகு ஸ்கேனர் வாங்கினோம். படம் படமாகப் பத்திரங்கள் குவிந்தன. ஒரு நகல் முடிவதற்குள் அடுத்தது தொடங்கும் நிலைக்கு வந்துவிட்டது. இரவெல்லாம்கூட அது ஓடியிருக்கிறது. ஆள் இல்லாத நேரத்திலும் பதினேழு ஓடுகிறது என்று வரைபடம் ஒரே ஒருமுறை காட்டியிருந்தால் போதும், எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் போகும்போது என் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தானே போனேன்? நோட்டீஸை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

நான் தேடிய ஆள் நானேதான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரைச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டு, கோளாறு சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன். நெட்வொர்க் வேகமாகும். அக்காதான் காரணம் என்று எல்லோரும் நம்புவார்கள், அவர் கேபிளைக் கழற்றிய பிறகுதானே சரியானது என்பார்கள். ஸ்டோர் அறையின் வாசலில் நின்று இதை முழுதாக யோசித்தேன். டைப்ரைட்டர் அப்போது ஒரு வரியின் கடைசிக்கு வந்து, மணி அடித்து, திரும்பியது. நான் மேலாளரின் கதவைத் தட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், நான்கு, பத்தொன்பது, ஸ்டோர் அறை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அக்காவின் பெயர் அடித்திருந்தது. கீழே கையெழுத்து இல்லை.

"மூன்று நாளா வச்சிருக்கிறன், பிள்ளை. அந்த டைப்ரைட்டர் சத்தத்துக்குள்ள கையெழுத்துப் போட எனக்குக் கை வரேல்ல," என்றார். கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு, "மேல நான் ஒரு பெயர் குடுக்கத்தான் வேணும். அது உமக்குத் தெரியும்தானே?" என்றார்.

தெரியும் என்றேன். இதை யாரும் தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வைத்த கம்ப்யூட்டர், நான் போட்ட வரைபடம், நான் எழுதிய பெயர். நிரந்தரமாகாதவளும் நான் ஒருத்திதான். அன்று மாலை ரயிலில், ஷா ஆலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வேலை போனதற்காகப் பாதி, மற்றதற்காகப் பாதி. கோலாலம்பூரில் நெட்வொர்க் வேலைக்கு ஆள் தேவைப்பட்ட காலம், இரண்டு மாதத்தில் வேறு இடம் கிடைத்தது. மேலாளர் தன் கையாலேயே நற்சான்று எழுதிக் கொடுத்தார்.

ஆனால் அதற்கு முன்னால், மறுநாள் காலை, சுருட்டிய கேபிளை எடுத்துக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனேன். மேலாளர் அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தார். மேசைக்கடியில் நுழைந்து கேபிளைச் சொருகினேன். வெளியே வந்து மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவி எடுத்து, கார்பனைப் பிரித்து, பிரதிகளை நிதானமாக அடுக்கினார்.

"மெஷின்கிட்ட ஒரு வாரம் பூரா கேட்டியே," என்றார். "நான் ரெண்டு மேச தள்ளித்தான் உக்காந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே மா."

முப்பது வருடம் நெருங்கப் போகிறது. எந்த நெட்வொர்க்கில் எந்தக் கோடு உயர்ந்தாலும், முதலில் எழுந்துபோய் அந்த மேசையில் இருப்பவரிடம் பேசிவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்கிற இளைஞர்கள் இது நேர விரயம் என்கிறார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை, எண்களைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று புது ஸ்டிக்கர்களோடு சுவர் ஓரம் உட்கார்ந்தேன். நான்காவது சாக்கெட்டுக்கு வந்ததும் கை நின்றது. அது இன்வாய்ஸ் பிரிவிலிருந்த ஒரு சீன ஆன்டியின் இடம். நான் சரியென்று நினைத்து ஒட்டப்போகும் எண்ணுக்கு மேலே அவர் தினமும் உட்கார வேண்டும். அங்கிளின் ஸ்டிக்கரை அப்படியே விட்டேன். அதற்குப் பதிலாக ஏணியைப் போட்டு ஏறி, ஸ்விட்சில் அச்சடித்திருந்த எண்களின்மேல் வெள்ளை டேப்பை ஒட்டினேன். சுவரில் என்ன இருக்கிறதோ அதையே அதன்மேல் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்று வரை எழுதியிருப்பேன். லேசாக ஆடிக்கொண்டிருந்த ஏணி ஆட்டத்தை நிறுத்தியது. குனிந்து பார்த்தேன். அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"அடுத்தது அஞ்சு," என்றார்.

எழுதினேன். இருபத்து ஏழு வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.